காயலான் கடைக்கு முன் ஒரு வாசிப்பு: பழைய பெஞ்ச் வைஸ்களை முன்வைத்து

பொறியியல் கல்லூரி, தொழிற்பயிற்சி நிலையம், ரயில்வே பணிமனை ஆகிய மூன்று இடங்களிலும் பழைய கருவிகளுக்கு நேர்வது ஒன்றே. புதிய இயந்திரம் வந்திறங்கும். இடம் போதவில்லை என்ற குரல் எழும். கழிவுப் பட்டியல் ஒன்று தயாராகும். ‘வைஸ், வார்ப்பிரும்பு, பழையது’ என்று ஒரு வரியும் அதன் எதிரே ஓர் எண்ணிக்கையும் எழுதப்படும். பிறகு அவை எடைமேடை ஏறி, கிலோக் கணக்கில் விலைபோய், உலையில் உருகிவிடும். அவற்றுள் எது எங்கே செய்யப்பட்டது, எது இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும், எது உண்மையிலேயே முறிந்தது என்ற வேறுபாடு அந்த ஒற்றை வரியில் இல்லை.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, கழிவுநீக்கத்தைப் பற்றி 217ஆம் விதியில் பேசுகின்றன. ஒரு பொருள் உபரியானது, வழக்கொழிந்தது, பயன்படாதது என்ற மூன்றில் ஒன்றாக அறிவிக்கப்பட வேண்டும். அதற்கான காரணமும் பதிவாக வேண்டும். மூன்று சொற்களும் பொருளின் இன்றைய பயனை மட்டுமே அளக்கின்றன. அது எதற்குச் சான்று என்று கேட்கும் நான்காவது சொல் அங்கே இல்லை. அதற்காக விதியைக் குறைகூறிப் பயனில்லை. காரணத்தைப் பதிவுசெய்க என்று விதி கேட்கும் இடத்திலேயே வாசிப்புக்கு இடமிருக்கிறது. பழைய வைஸ் என்பது வாசிக்கத்தக்க ஆவணம். பல நேரங்களில் இன்றைக்கும் உதவும் கருவி. வாசித்து முடிக்கும் முன் அதை எடைமேடையில் ஏற்றக்கூடாது.

வாசிப்பு பெயரிலிருந்தே தொடங்குகிறது. ‘வைஸ்’ என்ற ஆங்கிலச் சொல், திருகைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழியாக, திராட்சைக் கொடியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கொடியின் சுருளே திருகுக்குப் பெயராயிற்று. இச்சொல்லை ஆங்கிலேயர் ‘சி’ எழுத்திட்டும் அமெரிக்கர் ‘எஸ்’ எழுத்திட்டும் எழுதுவர். ஆகவே வார்ப்பின் பக்கவாட்டில் இச்சொல் புடைப்பெழுத்தாக இருந்தால், அதில் உள்ள ஓரெழுத்தே முதல் துப்பு. இந்திய வார்ப்பாலைகள் ஆங்கிலேயரின் எழுத்துமுறையையே பின்பற்றியமையால், ‘எஸ்’ எழுத்து அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து வந்த ஒன்றைச் சுட்ட வாய்ப்பு மிகுதி.

அடுத்தது ஊரும் எண்ணும். ஷெஃபீல்டு என்ற பெயரோடு ‘ரெக்கார்டு’ என்றிருந்தால் அது ஹாம்ப்டன் நிறுவனத்தின் வைஸ். அதில் உள்ள எண்ணைத் தாடையின் அகலம் என்று கொள்வது பொதுவான பிழை. ரெக்கார்டு 3ஆம் எண் வைஸின் தாடை 4 அங்குலம். யார்க்‌ஷயரின் ஷிப்லியில் செய்யப்பட்ட பார்க்கின்சன் ‘பெர்ஃபெக்ட்’ வைஸில், கைப்பிடிக்கு அருகே ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். அதை அழுத்தினால் பாதி நட்டு திருகிலிருந்து விலகி, நகரும் தாடை ஒரே இழுப்பில் வெளிவரும். பதிவுசெய்த வடிவமைப்பு எண் இருந்தால் அதுவும் உதவும். பிரிட்டனில் 1884 முதல் இவ்வெண்கள் புதிய தொடராக வழங்கப்பட்டன. அந்த எண் வைஸ் செய்யப்பட்ட ஆண்டைத் தராது. அதற்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது என்ற மேலெல்லையைத் தரும்.

இந்திய வைஸ்களில் கூடுதலாக ஒரு தடயம் கிடைக்கக்கூடும்: உடைமைக் குறி. உளியெழுத்தால் குத்தப்பட்ட ரயில்வே கம்பெனியின் முதலெழுத்துகள், இலக்கியங்களின் காலத்தைக் கணிக்க அகச்சான்று உதவுவது போலவே உதவுகின்றன. மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே 1908இல் உருவாயிற்று. 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வேயில் கலந்தது. அதன் முத்திரை இருந்தால், அந்த வைஸ் இவ்விரு ஆண்டுகளுக்கிடையே அக்கம்பெனியின் உடைமையாக இருந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். வைஸ் அதற்கும் முன்பே செய்யப்பட்டிருக்கலாம் என்பதையும் மறக்கலாகாது. உடைமையின் காலமும் தயாரிப்பின் காலமும் வேறு வேறு.

பொறிக்கப்பட்ட தேதியே ஏமாற்றுவதும் உண்டு. 1941இல் சிகாகோவில் தொடங்கப்பட்ட வில்டன் நிறுவனம், நகரும் தண்டின் அடியில் மாதத்தையும் ஆண்டையும் குத்திவந்தது. பல வைஸ்களில் அது தயாரிப்பு நாளைக் குறிப்பதில்லை. உத்தரவாதம் முடியும் நாளைக் குறிக்கிறது. ஏட்டின் இறுதியில் உள்ள ஆண்டு நூல் இயற்றிய ஆண்டா, பெயர்த்தெழுதிய ஆண்டா என்று ஐயுறப் பழகியவர்களுக்கு இது புதிய சிக்கலன்று.

பெயர்த்தெழுதல் இரும்பிலும் நிகழ்கிறது. மூல வைஸையே அச்சாக வைத்து மணலில் வார்த்தால், வார்ப்பிரும்பு குளிரும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். 6 அங்குலத் தாடை ஒன்றரை மில்லிமீட்டர் குறைந்து வரும். எழுத்துகளின் விளிம்பு மழுங்கும். நகலை மீண்டும் நகலெடுத்தால் மேலும் சுருங்கும், மேலும் மழுங்கும். ஏடெழுதுவோரின் பிழைகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்வதைப் போன்றதே இது. வைஸ் சேகரிப்போர் இத்தகைய நகல்களைப் போலி என்று ஒதுக்குவர். ஆய்வாளருக்கு அந்த உரிமை இல்லை. இறக்குமதிப் பொருளைப் பார்த்து வார்க்கக் கற்றுக்கொண்டதே பட்டாலா, ஜலந்தர், ஹௌரா போன்ற ஊர்களின் சிறு பட்டறைகளுடைய வரலாற்றில் ஒரு முக்கிய அத்தியாயம். சுருங்கிய தாடை அந்த அத்தியாயத்தின் சான்று.

ஆவணம் என்று சொல்லிக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவைப்பதும் வைஸுக்குச் செய்யும் நீதியாகாது. அது வேலைக்கென்று பிறந்தது. பயன்படுமா என்று தீர்மானிக்கச் சில நிமிடச் சோதனை போதும். தாடையை மூடி, இரண்டுக்கும் இடையே ஒளி சீராகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பகுதி திறந்து, நகரும் தாடை தொங்குகிறதா, பக்கவாட்டில் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்க்க வேண்டும். கைப்பிடி எவ்வளவு சுற்றிய பிறகு தாடை நகரத் தொடங்குகிறது என்பது திருகும் நட்டும் தேய்ந்த அளவைச் சொல்லும். தாடையின் அடிப்பகுதியிலும் போல்ட் துளைகளைச் சுற்றியும் மயிரிழை விரிசல் உண்டா என்று தேட வேண்டும். தாடைத் தகடு தேய்ந்திருப்பது குறையே ஆகாது. திருகைக் கழற்றி வேறு தகடு செய்து பொருத்தலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். பழையது எல்லாம் வலியது என்பது வெறும் ஏக்கம்தானே என்பது அந்த மறுப்பு. அதில் உண்மை உண்டு. சாம்பல்நிற வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும். சம்மட்டி அடியைத் தாங்காது, வளையாமல் முறியும். முறிவைத் தாங்கும் குண்டுக்கரி வார்ப்பிரும்பு 1940களில்தான் கண்டறியப்பட்டது. ஓங்கி அடிக்கும் வேலைக்கென்றே கொல்லுப்பட்டறைகளில் அடித்துச் செய்த லெக் வைஸ் இருந்தது. அதன் நீண்ட கால் தரையில் ஊன்றி, அடியைத் தரைக்குக் கடத்திவிடும். இந்த வேறுபாட்டை அறியாமல் கைப்பிடியில் குழாயைச் செருகி இறுக்குபவரும், தாடைமேல் வைத்துச் சம்மட்டியால் அடிப்பவரும் எத்தனை நல்ல வைஸையும் முறித்துவிடுவர். விரிசல் விழுந்த வைஸை மாணவர் கையில் கொடுப்பது வரலாற்றுணர்வும் ஆகாது, சிக்கனமும் ஆகாது. மதிப்பிடுவது என்பதில் ‘இது உருகட்டும்’ என்று சொல்லும் துணிவும் அடங்கும். வாசித்த பிறகு அதைச் சொல்ல வேண்டும் என்பதே வேண்டுகோள்.

மதிப்பு என்ற சொல்லையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரும்பின் எடைக்குரிய விலை ஒன்று. வேலை செய்யும் கருவிக்குரிய விலை இரண்டு. சேகரிப்போர் தரும் விலை மூன்று. மூன்றாவது வளர வளர முதற்கேடு சான்றுகளுக்கே. பளபளப்பாக்கும் ஆவலில் அரவை இயந்திரம் பிடித்தால், பழைய வண்ணமும் குத்திய எழுத்துகளும் சேர்ந்து போய்விடும். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம் என்பதால் அந்தத் தூசி உடலுக்கும் தீங்கு. சலவைச் சோடா கரைசலில் மின்பகுப்பால் துருவை நீக்குவது மென்மையான வழி. ஆனால் எதிர்முனையாக எவர்சில்வரைப் பயன்படுத்தக் கூடாது, நச்சான குரோமியம் கரைசலில் சேரும். விலைச்சீட்டில் ஏறாத நான்காவது மதிப்பும் ஒன்றுண்டு. தாடையின் ஓரத்தில் இருக்கும் ஹேக்ஸா வெட்டும் பிசகி விழுந்த உளித்தடமும் பயிலுநர்கள் விட்டுச்சென்றவை. பெயரே பதிவாகாத அவர்களைப் பற்றி எஞ்சிய எழுத்து சில இடங்களில் அது ஒன்றே.

1895இல் அஜ்மீர் பணிமனையில் கட்டப்பட்ட எஃப்-734 நீராவி இன்ஜின் தில்லியின் தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. அது காக்கப்பட வேண்டியதே. அந்த இன்ஜினின் உறுப்புகளை அரத்தால் இழைத்துப் பொருத்திய கைகள் எந்த வைஸின் முன் நின்றன என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. உற்பத்தியான பொருள் வரலாறாகிறது. உற்பத்தி செய்த கருவி பழைய இரும்பாகிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், கடந்த காலத்தின் அறிவியலையும் கைத்தொழிலையும் விளக்கும் நூறாண்டுப் பொருள்களையும் தன் வரையறைக்குள் கொண்டுவருகிறது. நூறாண்டு கடந்த ஒவ்வொரு வைஸும் தொல்பொருளாகிவிடும் என்பதன்று. கைத்தொழில் சட்டத்தின் பார்வைக்கு அந்நியமில்லை என்பதே கருதத்தக்கது.

செய்ய வேண்டியது பெரிய திட்டம் எதுவுமில்லை. கழிவுப் பட்டியலில் ஏறும் ஒவ்வொரு வைஸுக்கும் ஒரு பக்கம்: நான்கு புறமும் எடுத்த ஒளிப்படம், தாடையின் அகலம், எழுத்துகளும் எண்களும் உள்ளபடியே, விரிசல் உண்டா இல்லையா, எந்தப் பட்டறையில் எந்த மேசையில் இருந்தது. பழைய இருப்புப் பதிவேட்டில் அது வாங்கப்பட்ட ஆண்டு கிடைத்தால் அதுவும். இதை நிரப்ப ஃபிட்டர் பிரிவின் பயிற்றுநரும், வரலாற்றுத் துறையிலிருந்தோ மொழியியல் துறையிலிருந்தோ ஒரு மாணவரும் ஒரு பிற்பகல் சேர்ந்தமர்ந்தால் போதும். பயிற்றுநர் தேய்மானத்தை வாசிப்பார். மாணவர் எழுத்தை வாசிப்பார். ஒரே வளாகத்தில் இருந்தும் ஒருவர் வாசல் மற்றவர் மிதியாத இரு துறைகள் சந்திக்க இதைவிட எளிய காரணம் கிடைப்பது அரிது.

இந்த நிதியாண்டின் கழிவுப் பட்டியலும் எங்கோ தட்டச்சாகிக்கொண்டிருக்கும். ஏலம் முடிந்தபின் எழுதப்படும் கட்டுரையைவிட, அதற்கு முன் நிரப்பப்படும் அந்த ஒரு பக்கம் பயனுடையது.