ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவே, இப்போதே ஒன்று சேர்!

தோழர்களே! மளிகைக்கடை அண்ணன்களே, தள்ளுவண்டி அக்காக்களே, முதுகில் பெட்டி கட்டிக்கொண்டு பைக்கில் பறக்கும் தம்பிகளே, விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிக் கிடங்கு வேலைக்குப் போகும் தங்கைகளே!

பெங்களூரில் பத்து நிமிடத்தில் பாலும் பருப்பும் வாசலுக்கு வந்துவிடுகின்றன. "அதெல்லாம் பெரிய ஊர் சமாச்சாரம், நம்ம பேட்டையில எவன் வந்து கடை போடப் போறான்?" என்று டீக்கடையில் பேசிச் சிரிக்கிறோம். நம் கோலார் தங்கவயல் சுரங்கத்தைப் பற்றியும் இப்படித்தான் பேசினோம். மூடமாட்டான், மூடவும் முடியாது என்றோம். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடினான். அப்புறம் போராடியதற்கும் கோர்ட்டுக்கு நடந்ததற்கும் கணக்கே இல்லை. இந்த முறை பூட்டு விழுவதற்கு முன்பே பேசிவிடுவோம்.

போன வருஷம் நடந்ததைப் பாருங்கள். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவை வைத்துச் சின்னக் கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிக்கு வந்தது 29 லட்ச ரூபாய்க்கு! காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது. நாலு வருஷத்தில் அவர் போனுக்குள் வந்த பணம் ஒரு கோடியே 63 லட்சம் என்று இயந்திரம் கூட்டிச் சொன்னது. மண்டிக்கு எவ்வளவு போனது, அழுகியது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்று அது சொல்லவில்லை. அதற்கு எப்படித் தெரியும்? பெங்களூர் பெட்டிக்கடைகளில் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு 'யுபிஐ வேண்டாம், ரொக்கம் மட்டும்' என்று பலகை மாட்டினார்கள். 25-ஆம் தேதி பந்த் என்று அறிவித்தார்கள். 23-ஆம் தேதியே முதலமைச்சர் கூப்பிட்டுப் பேசினார். பழைய பாக்கியை வசூலிப்பதில்லை, ஆனால் பதிவு செய்துகொள்ளுங்கள் என்றார். பந்த் என்ற ஒரே வார்த்தைக்கு அத்தனை பலன். அந்த வார்த்தையைத் தனியாக ஒரு கடைக்காரர் சொல்லியிருந்தால் யார் காதில் விழுந்திருக்கும்?

கல்லாப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்துகொண்டு 'நாற்பது ரூபாய் வந்தது' என்று கூவுகிறதே, அதன் மீது எனக்குக் கோபம் இல்லை. சில்லறைத் தகராறு தீர்ந்தது, கள்ளநோட்டுப் பயம் போனது. ஆனால் யார் எப்போது எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்கிற கணக்கு எங்கோ ஒரு கம்பெனியில் ஒழுங்காக இருக்கிறது. கடைக்காரர் கையில் இருப்பது அட்டை கிழிந்த கடன் நோட்டுதான். எந்தத் தெருவில் எந்தப் பொருள் ஓடுகிறது என்று கம்பெனிக்காரனுக்குத் தெரிந்த பிறகு, அங்கே கிடங்கு போட வேண்டியதுதான் பாக்கி. போர்டு இருக்காது, வாடிக்கையாளர் உள்ளே போக முடியாது, அலமாரி மட்டும் இருக்கும். டார்க் ஸ்டோர் என்கிறார்கள். சரக்குத் தயாரிப்பவரிடம் நேரடியாகக் கொள்முதல், முதலீட்டாளர் பணத்தில் தள்ளுபடி. நமக்கு விநியோகஸ்தர் போடும் விலையைவிடக் குறைத்து அவன் விற்றால் எத்தனை மாதம் தாங்குவோம்? ஒரே வருடத்தில் நாடு முழுக்க 2 லட்சம் மளிகைக்கடைகள் மூடப்பட்டதாக 2024-இல் அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர் கூட்டமைப்பு சொன்னது. அது அவர்கள் கணக்கு, கூடக் குறைய இருக்கலாம். பாதிதான் உண்மை என்று வைத்துக்கொண்டாலும் ஒரு லட்சம் குடும்பம்.

இங்கே ஒரு விஷயம். கடைக்காரருக்கு எதிரி டெலிவரிப் பையன் இல்லை. நம் பேட்டையில் அப்பா கடையில் பொட்டலம் கட்டுகிறார். மகன் மாலூர்ப் பக்கத்துக் கிடங்கில் பெட்டி ஒட்டுகிறான். இருவருக்கும் ஒரே வீட்டு அடுப்புதான். 2024-இல் ஹரியானா மானேசரில் அமேசான் கிடங்கில், லாரிகளில் சரக்கு இறக்கி முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிவறைக்கோ போகமாட்டோம் என்று தொழிலாளர்களை உறுதிமொழி எடுக்கவைத்த செய்தி வந்து, தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. டெலிவரி வேகம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிகிறதா? அதே அமேசான் அமெரிக்காவில் காசாளரே இல்லாத கடை என்று பெருமையடித்தது; எடுத்துக்கொண்டு நடந்தால் போதும், கேமராவே பில் போடும் என்றது. 2024-இல் தன் பெரிய மளிகைக்கடைகளிலிருந்து அதை எடுத்துவிட்டது. அந்த வீடியோக்களை இந்தியாவில் சுமார் ஆயிரம் பேர் உட்கார்ந்து பார்த்துச் சரிசெய்தார்கள் என்று செய்தி வந்தது. அது இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுக்கத்தான் என்று கம்பெனி மறுத்தது. எப்படியானாலும் திரைக்குப் பின்னால் கூலிக்காரர் இருந்தார்.

தொழில்நுட்பத்தை வைத்துத் தொழிலாளியைக் கட்டிப்போடுவது நம் பாட்டன்களுக்குப் புதிதில்லை. 1930-இல் சுரங்க நிர்வாகம் ஒவ்வொரு தொழிலாளியின் கைரேகையையும் எடுத்துப் பதிவு செய்யக் கிளம்பியது. அந்தக் காலத்துக்கு அதுதான் நவீனத் தொழில்நுட்பம். அங்கீகாரம் பெற்ற சங்கம்கூட இல்லாத நாளில் தங்கவயல் தொழிலாளிகள் விரலை நீட்ட மறுத்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். படிக்காதவர்கள், மை டப்பாவைப் பார்த்து மிரண்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ரேகை எடுத்துவிட்டால், ஒரு சுரங்கத்தில் சண்டை போட்டவனை இன்னொரு சுரங்கத்திலும் சேர்க்கமாட்டான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று செயலி உங்கள் ஐடியை பிளாக் செய்கிறதே தம்பி, காரணம் கேட்டால் பதில் சொல்ல ஆளே இல்லையே, அதே கதைதான்.

ஆகவே போனை உடைக்கச் சொல்லவில்லை. கடைக்காரர், தள்ளுவண்டிக்காரர், டெலிவரி, கிடங்கு நால்வருக்கும் ஒரே சங்கம் வேண்டும் என்கிறேன். தனித்தனியாக நாலு சங்கம் வைத்தால் நாலு பேரையும் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். கையில் சட்டம் இருக்கிறது. கர்நாடகத்தின் 2025 கிக் தொழிலாளர் சட்டப்படி கம்பெனி நல நிதிக்கு 1 முதல் 5 சதவீதம் கட்ட வேண்டும். எழுத்தில் காரணம் சொல்லி 14 நாள் முன்னறிவிப்பு தராமல் நீக்கக் கூடாது. பதிவு செய்யாதவனுக்கு அது வெறும் காகிதம். 2014 சாலையோர வியாபாரிகள் சட்டப்படி நகர வியாபாரக் குழுவில் வியாபாரிகளுக்கு 40 சதவீதத்துக்குக் குறையாத இடம் உண்டு. ராபர்ட்சன்பேட்டை நகரசபையில் அந்த நாற்காலியில் நம் அக்காக்கள் உட்கார வேண்டாமா? 2022-இல் பெங்களூர், கோயம்புத்தூர் உள்ளிட்ட சில நகரங்களில் முதலில் தொடங்கிய ஓஎன்டிசி என்ற திறந்த வலைப்பின்னலில் சின்னக் கடையும் சரக்கைக் காட்டலாம். ஒரு கடை தனியாகப் போனால் படம் ஏற்றவும் விலை மாற்றவுமே நேரம் போய்விடும், டெலிவரிக்கு ஆள் கிடைக்காது. முப்பது கடை ஒரே பெயரில் சேர்ந்து, நம் தம்பிகளையே நியாயமான கூலிக்கு வைத்தால் ஆண்டர்சன்பேட்டைக்குள் எந்தக் கம்பெனியைவிடவும் வேகமாகப் போய்ச் சேரலாம். கடன் சொல்லி வாங்கும் வசதியை எந்த ஆப் கொடுக்கும், சொல்லுங்கள்?

வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடையை ஒரு மணி நேரம் மூடிவிட்டு மார்க்கெட்டுக்கு வாருங்கள். பேச்சாளர் யாரும் வரவில்லை, மாலை மரியாதை கிடையாது. வியாபாரிகள் பேங்க் பாஸ்புக்கையும் சரக்கு வாங்கிய பில்லையும் கொண்டுவர வேண்டும். வரி உள்ள சரக்கு எது, இல்லாதது எது என்று அங்கேயே உட்கார்ந்து பிரித்து எழுதுவோம். டெலிவரித் தம்பிகள் போன மாத வருமானக் கணக்கை போனில் எடுத்து வையுங்கள். கிடங்குத் தங்கைகளுக்கு ஷிப்ட் இருந்தால் வீட்டிலிருந்து யாராவது சம்பளச் சீட்டோடு வந்தால் போதும். ஒரு வீட்டுக்கு ஒருவராவது வர வேண்டும்!