கைப்பிடி உடைந்தால் கை ஒடிந்து போகுமா?

நான் 38 வயதுக் குடும்பத் தலைவி. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். மாமியார், எட்டாவது படிக்கும் மகள், நான் என்று மூன்று பேரும் மண்டைக்காட்டில் இருக்கிறோம். இந்தப் பகுதியில் சகோதரிகள் எத்தனையோ பெரிய விஷயங்களை எழுதுகிறார்கள். நான் எழுத வந்ததோ கக்கூஸ் ஃப்ளஷ் டேங்கின் கைப்பிடியைப் பற்றி. சிரிக்காமல் கடைசி வரை படியுங்கள்.

எங்கள் ஊர் பகவதி அம்மன் கோயிலில் மாசி மாதம் பத்து நாள் கொடை நடக்கும். பெண்களின் சபரிமலை என்றே இந்தக் கோயிலைச் சொல்வார்கள். கேரளாவிலிருந்தும் பெண்கள் இருமுடி கட்டி வருவார்கள். அந்தப் பத்து நாளும் ஊரில் எந்த வீட்டிலும் விருந்தாளி இல்லாமல் இருக்காது. போன கொடைக்கு எங்கள் வீட்டில் மட்டும் ஒன்பது பேர். இரண்டாம் நாள் காலையில் பாத்ரூமிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். ஃப்ளஷ் கைப்பிடி உடைந்து நாத்தனார் மகன் கையோடு வந்துவிட்டது.

அது மாமியாருக்காகப் போட்ட மேல்நாட்டு மாடல் கக்கூஸ். அவருக்கு முட்டுவலி, குத்த வைத்து உட்கார முடியாது. பிளம்பருக்குப் போன் செய்தேன். "நாளைக்கு வாறேன் அக்கா" என்றார். மறுநாளும் அதே பதில். மூன்றாம் நாள், "ஒரு கைப்பிடிக்காக அம்புட்டு தூரம் வந்தா எனக்குக் கட்டாது, வேற வேலையும் சேர்ந்தா சொல்லுங்க" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெட்ரோல் போட்டுக்கொண்டு பத்து நிமிட வேலைக்கு வந்தால் அவருக்கு என்ன மிஞ்சும்? கணவரிடம் போனில் சொன்னேன். "நீ ஒண்ணும் தொடாத, உள்ளதையும் ஒடச்சிராத. ஆள் வரும், பொறு" என்றார்.

பொறுத்தேன். யார் போனாலும் பின்னாலேயே வாளியில் தண்ணீர் கொண்டு வைப்பது என் வேலையானது. விருந்தாளிகள் போன பிறகும் அப்படியே நடந்தது. மாமியாரால் வாளி தூக்க முடியாது. ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் நான்தான் எழுந்து போவேன். எனக்கு அது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து மாமியாருக்கு நீர்க்கடுப்பு. லேசாகக் காய்ச்சலும் வந்தது. டாக்டரிடம் கூட்டிப் போனேன். "தண்ணி சரியாக் குடிக்கிறதில்லையா?" என்று டாக்டர் கேட்டார். மாமியார் பதில் சொல்லாமல் குனிந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் நான் விடவில்லை. "ஏன் மாமி, வெள்ளம் குடிக்கிறதில்லியா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னார்: "குடிச்சா போகணும் மக்ளே. எனக்காக நீ எத்தன வாளிதான் சொமப்ப?"

எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. என்னை எழுப்பக் கூடாது என்று 71 வயது மனுஷி தாகத்தை அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறார். நானோ ஒரு கைப்பிடிக்காக ஆள் வரும் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று சாயங்காலமே டேங்க் மூடியைத் திறந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

பன்னிரண்டு வருஷமாக நான் தேய்த்துக் கழுவும் டேங்க் அது. அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. மகளும் எட்டிப் பார்த்தாள். "அம்மா, இது வெறும் நெம்புகோல்தான். எங்க சயின்ஸ் பாடத்துல உண்டு" என்றாள். அவள் சொன்னது சரிதான். வெளியே கைப்பிடி, உள்ளே அதோடு சேர்ந்த ஒரு கம்பி, கம்பியின் நுனியில் ஒரு சின்னச் சங்கிலி, அந்தச் சங்கிலியின் அடியில் ஓட்டையை மூடிக்கொண்டிருக்கும் ஒரு ரப்பர் மூடி. கைப்பிடியை அமுக்கினால் கம்பி மேலே எழும், சங்கிலி இழுக்கும், ரப்பர் மூடி திறக்கும், தண்ணீர் பாயும். அவ்வளவுதான். எங்கள் ஊர் உப்புக்காற்றில் எந்த இரும்புதான் நிலைக்கும்? கம்பி கழுத்தில் துருப்பிடித்து ஒடிந்திருந்தது.

இனி நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்கும் ஒரு நாள் உதவும்.

முதலில் மூடியைத் தூக்கித் தரையில் ஒரு பழைய துண்டை விரித்து அதன்மேல் வைத்தேன். பீங்கான் மூடி உடைந்தால் அது மட்டும் தனியாகக் கிடைப்பது கஷ்டம். பிறகு டேங்குக்குத் தண்ணீர் வரும் குழாயில், சுவர் ஓரமாக உள்ள சின்ன வால்வைத் திருகி மூடினேன். கையாலேயே ரப்பர் மூடியைத் தூக்கி டேங்கைக் காலி செய்தேன். சங்கிலி எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது என்பது தெரியும்படி மகள் செல்போனில் நாலு படம் எடுத்தாள்.

அடுத்தது கைப்பிடியைப் பிடித்திருக்கும் நட்டு. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வழக்கமாகக் கழற்றும் பக்கம் திருப்பத் திருப்ப இன்னும் இறுகியது. துருவாக இருக்கும் என்று தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன். அசையவில்லை. இன்னும் பலமாகத் திருகியிருந்தால் டேங்கே விரிசல் விட்டிருக்கும். நல்லவேளையாக அத்தோடு நிறுத்தினேன்.

மறுநாள் பஸ் பிடித்துத் திங்கள்நகருக்குப் போய் ஒரு ஹார்டுவேர் கடையில் படத்தைக் காட்டினேன். "வீட்டுல ஆம்பள யாரும் இல்லியா?" என்பதுதான் முதல் கேள்வி. "நான் இருக்கேன் அண்ணாச்சி" என்றேன். கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வயதான ஒருவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மரை தலைகீழா இருக்கும்மா. மத்த நட்டெல்லாம் இறுகுற பக்கம் திருப்பினா இது கழலும். கழற்றிட்டுப் பழசைக் கையில கொண்டு வா, அளவு பார்த்துத் தாறேன்" என்றார். அந்தப் பெரியவர் நன்றாக இருக்கட்டும்.

ஏன் தலைகீழ் மரை என்று பிறகு யோசித்தபோது புரிந்தது. முன்பக்கம் இடது ஓரத்தில் இருக்கும் கைப்பிடியை ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும், உள்ளே உள்ள நட்டுக்கு அது கழலும் பக்கமாகவே அசைவு கிடைக்கும். சாதாரண மரையாக இருந்தால் நாளடைவில் நட்டு தானாகவே தளர்ந்துவிடும். அதற்காகத்தான் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். டேங்குக்கு உள்ளே இருந்து பார்ப்பதாக வைத்துக்கொண்டால், கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால் கழலும். வீட்டுக்கு வந்து அப்படித் திருப்பினேன். இரண்டே சுற்றில் கையோடு வந்தது.

பழையதைக் காட்டி அதே அளவில் புதுக் கைப்பிடி வாங்கினேன். விலை 180 ரூபாய். பிளாஸ்டிக் கம்பி உள்ளதாகவே கேட்டு வாங்கினேன், அதைத் துரு தின்னாது. பொருத்தும்போது நட்டைக் கையால் இறுக்கி, அதற்கு மேல் ஸ்பானரால் லேசாக ஒரு திருப்பு, அவ்வளவு போதும். சங்கிலியை அரை அங்குலம் தளர்வாக மாட்ட வேண்டும். ரொம்ப இறுக்கமானால் ரப்பர் மூடி சரியாக உட்காராமல் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். ரொம்பத் தளர்ந்தால் கைப்பிடியை அமுக்கினாலும் மூடி எழும்பாது.

ஒழுகுகிறதா என்று பார்க்க நம் வீட்டிலேயே மருந்து இருக்கிறது. துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் நாலு சொட்டு டேங்கில் விட்டு, யாரும் ஃப்ளஷ் செய்யாமல் இருபது நிமிஷம் விட வேண்டும். கீழே பீங்கானில் நீலம் தெரிந்தால் ஒழுகுகிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் தெரியவில்லை. எல்லா டேங்கும் இப்படி இருக்காது. சிலவற்றில் சங்கிலிக்குப் பதில் கொக்கிக் கம்பி இருக்கும். புது மாடல்களில் கைப்பிடியே இல்லாமல் மேலே பட்டன் இருக்கும். எதுவானாலும் திறந்து பார்த்துப் படம் எடுத்து, பழையதைக் கையில் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்தது.

அதுவரை மூடியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே கையை விட்டுச் சங்கிலியை இழுக்கும் வீடுகளும் உண்டு. தயவுசெய்து அப்படி விடாதீர்கள். டெங்கு பரப்பும் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது. நம் வீட்டில் திறந்து கிடக்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

இது ஆம்பிளை வேலை என்று யார் எழுதி வைத்தது? நான் கேட்டது என் கணவரை மட்டுமல்ல, என்னையும்தான். பிரஷர் குக்கரின் வால்வையும் கேஸ்கட்டையும் நான் மாற்றுகிறேன். தையல் மிஷினைக் கழற்றி எண்ணெய் விட்டு மாட்டுகிறேன். மிக்ஸி ஜாருக்கு வாஷர் போடுகிறேன். அதெல்லாம் அடுக்களைப் பக்கம் என்பதால் பெண் வேலை. ஸ்பானரைப் பிடித்தால் மட்டும் ஆம்பிளை வேலையா? கக்கூஸைக் கழுவுவது நம் வேலை, அதன் கைப்பிடியை மாட்டுவது நம் வேலை இல்லை என்பது என்ன நியாயம்?

என்னைவிடப் பெரிய வேலைகளைச் செய்த பெண்கள் இருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் பாந்தா மாவட்டம் தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பேர் போனது. 1990-களில் அங்கே எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்கள் அடிபம்பு ரிப்பேர் கற்றுக்கொண்டு, கனமான குழாய்களைத் தூக்கி இறக்கி வேலை செய்தார்கள். பம்பு பழுதானால் தூரத்துக்குப் போய்த் தண்ணீர் சுமக்க வேண்டியவர்கள் அவர்கள்தானே! ஜார்க்கண்டில் தூய்மை இந்தியா திட்டத்தில் கக்கூஸ் கட்டக் கொத்தனார் வேலை கற்ற பெண்களை 'ராணி மிஸ்திரி' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். ஜோர்டான் நாட்டில் பெண்களுக்குப் பிளம்பர் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே பெண்கள் தனியாக இருக்கும் வீட்டுக்குள் அந்நிய ஆணை விடத் தயங்குவதால், குழாய் ஒழுகினாலும் சரி செய்யாமல் கிடக்குமாம். கணவர் வெளிநாட்டில் இருக்கும் நம் குமரி மாவட்டத்து வீடுகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா?

எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஹீட்டர், கரண்ட் சம்பந்தப்பட்டது எதையும் தொடக் கூடாது, அதற்கு எலக்ட்ரீஷியன் வேண்டும். சுவருக்குள் போகும் குழாய்க்குப் பிளம்பர்தான் வேண்டும். செப்டிக் டேங்க் நிறைந்தால் மெஷின் லாரியைத்தான் கூப்பிட வேண்டும். பாதுகாப்பு இல்லாமல் ஒரு மனிதரை அதற்குள் இறக்குவது 2013-ம் வருஷச் சட்டப்படி குற்றம், மனசாட்சிப்படி அதைவிடப் பெரிய குற்றம். ஒரு கைப்பிடி, ஒரு வாஷர், ஒரு குழாய்த் திருகு, இதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

அதனால்தான் கேட்கிறேன். பள்ளிக்கூடத்தில் நெம்புகோலைப் படம் போட்டு மார்க் வாங்க வைக்கிறோம். அதே நெம்புகோல் வீட்டில் உடைந்தால் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்கிறோம். ஆண் பிள்ளையோ பெண் பிள்ளையோ, பத்தாவது முடிப்பதற்குள் தண்ணீர் வால்வு எங்கே இருக்கிறது, அதை எப்படி மூடுவது, ஒரு வாஷரை எப்படி மாற்றுவது என்று வீட்டிலேயே காட்டிக் கொடுத்தால் என்ன? ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர்கள் தண்ணீர் குடிக்கிறார்களா என்று மட்டும் பார்க்காதீர்கள். கக்கூஸுக்குப் போய்வர அவர்களுக்குச் சிரமம் இல்லாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அவர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள்.

வேலை முடிந்ததும் கணவருக்குப் படம் அனுப்பினேன். "ஆள் வந்தாச்சா? எவ்ளோ வாங்கினான்?" என்று கேட்டார். "ஆள் இங்கேயேதான் இருந்தா. கூலி இன்னும் வாங்கல" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சிரித்துவிட்டு, "அந்த அடுக்களைக் குழாயும் ஒழுகுதுன்னு சொன்னியே" என்றார்!

மாமியார் அன்று ராத்திரி என்னை எழுப்பவில்லை. தூக்கத்தில் ஃப்ளஷ் சத்தம் கேட்டு விழித்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு தானே போய்விட்டுத் திரும்பி வந்தவர், கட்டிலில் உட்கார்ந்து ஒரு சொம்பு வெள்ளத்தை முழுசாகக் குடித்தார். எனக்கு அந்தக் கூலி போதும்.

— ஒரு வாசகி, மண்டைக்காடு.