ஒரு மாங்கன்றுக்கு எத்தனை வாசல்?

வலிகாமம் வடக்கிலிருந்து 1990ஆம் ஆண்டு இடம்பெயர்ந்த மக்கள், நீண்ட காலத்தின் பின் பகுதி பகுதியாகத் தம் காணிகளுக்குத் திரும்பியபோது கண்டவை யாவை? இடிந்த சுவர்களும் பற்றைக்காடுகளுமே. மாவும் பலாவும் தேசியும் நின்ற வளவுகளை மீண்டும் சோலையாக்க விரும்பும் விவசாயி, பிற நாட்டிலிருந்து நல்லினக் கன்றுகள் சிலவற்றைத் தருவிக்க எண்ணினால், அவர் முன் சட்டம் வந்து நிற்கிறது. அச்சட்டத்தை நாம் எதிர்க்கவில்லை. அது நடத்தப்படும் முறையையே எதிர்க்கிறோம்.

சட்டத்தின் நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்வோம். 1869ஆம் ஆண்டு இலங்கையில் கண்ட இலைத்துரு நோய் இந்நாட்டின் கோப்பித் தோட்டங்களை அழித்தொழித்த வரலாற்றை யார் மறப்பர்? இந்திய அமைதிப்படையின் வருகையோடு புகுந்ததெனப் பரவலாகக் கருதப்படும் பார்த்தீனியம் இன்றும் வடக்கின் வயல்களைப் பாழாக்குகிறது. அது எவரிடமும் அனுமதி கேட்டு வந்ததன்று. ஆகவே 1924ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும், அதன் இடத்தைப் பெற்ற 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டமும் தேவையானவையே.

சட்டம் வேண்டுவது யாது? காட்டுக்காக அன்றித் தோட்டத்துக்காகத் தருவிக்கும் மரமாயினும், கன்று கப்பலேறுமுன் அனுமதிப்பத்திரம் கையில் இருத்தல் வேண்டும். மரத்தின் தாவரவியற் பெயர், எண்ணிக்கை, அனுப்பும் நாடு, வந்திறங்கும் துறை, நோக்கம் யாவும் விண்ணப்பத்தில் குறிக்கப்படல் வேண்டும். அனுப்பும் நாட்டின் அரசு, விதித்த நிபந்தனைகள் நிறைவேறினவெனத் தாவர சுகாதாரச் சான்றிதழ் தரல் வேண்டும். வேரில் மண் ஒட்டியிருத்தல் ஆகாது. வந்திறங்கியபின் பரிசோதனை, ஐயமிருப்பின் தடுத்துவைத்துக் கண்காணிப்பு, குற்றமிருப்பின் அழிப்பு அல்லது திருப்பி அனுப்பல். இவற்றில் ஒன்றையேனும் தளர்த்துமாறு நாம் கேட்கவில்லை.

ஆனால் அனுமதி வழங்கும் அதிகாரம் எங்கே இருக்கிறது? விவசாயப் பணிப்பாளர் நாயகம் பேராதனையில். தாவரத் தொற்றுத் தடுப்புக்காப்புச் சேவையின் தலைமையகம் கட்டுநாயக்காவில். யாழ்ப்பாணத்துக்கு இரண்டும் சுமார் 300 கிலோமீற்றருக்கு அப்பால். பலாலி 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாயிற்று. நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 ஒக்ரோபரில் கப்பல் ஓடியது. வாசல் திறந்தது, திறவுகோல் மட்டும் தெற்கிலேயே தங்கிவிட்டது!

மொழியின் நிலை என்ன? 1956ஆம் ஆண்டு தனிச் சிங்களச் சட்டம் நம்மை அலுவலக வாசலிலேயே ஊமைகளாக்கியது. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இன் 16ஆம் திருத்தம் வடக்கு கிழக்கில் தமிழே நிர்வாக மொழியென விதித்து, ஏனைய மாகாணங்களிலும் அரசோடு தமிழில் எழுதிப் பதில்பெறும் உரிமையைத் தந்தது. ஏட்டில் உரிமை இருக்க, சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தைக் கையிலேந்தி மொழிபெயர்ப்பாளரைத் தேடி அலையும் விவசாயி நமக்குப் புதியவரல்லர். நோயின் பெயரும் நிபந்தனையும் புரியாதவர் அதை எவ்வாறு நிறைவேற்றுவார்?

அதே 13ஆம் திருத்தம் விவசாயத்தை மாகாண நிரலில் வைத்தது. தாவரப் பீடைகளை ஒருங்கியை நிரலில் வைத்தது. இறக்குமதி மத்திக்குரியதாயினும், பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் மாகாணத்தைத் துணைக்கொள்ளத் தடையேது? வட மாகாண சபையின் பதவிக்காலமோ 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடத்தாது ஆண்டுகளைக் கடத்தியவர்கள், அதிகாரப் பகிர்வைப்பற்றி நமக்குப் போதிக்க என்ன தகுதி உடையர்?

இதன் விளைவை ஆள்வோர் சிந்திக்கட்டும். பணமுள்ள வணிகர் முகவரை வைத்துக் காரியத்தை முடித்துக்கொள்வார். ஏழை விவசாயி ஆசையைக் கைவிடுவார். அல்லது உறவினரின் பயணப்பெட்டியில் ஒட்டுக்கிளை ஒளிந்து வரும். எட்டாத அனுமதி நோயைத் தடுப்பதில்லை. நோய்க்கு மறைவழி காட்டுகிறது.

எனவே நாம் மூன்றைக் கோருகிறோம். விண்ணப்பமும் நிபந்தனைகளும் பதிலும் தமிழில் தரப்படல் வேண்டும். பலாலியிலும் காங்கேசன்துறையிலும் பரிசோதித்து முடிவு கூறும் அதிகாரமுள்ள அலுவலரும் ஆய்வுகூடமும் வேண்டும். முடிவுக்குக் காலவரையறையும், மறுப்பின் எழுத்தில் காரணமும் வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் கூறுமாறு அலுவலரைக் கட்டாயப்படுத்துகிறது. காகிதத்துக்கு விதித்த கெடுவை மரக்கன்றுக்கும் விதித்தால் அரசு கவிழ்ந்துவிடுமா?

நமக்கும் கடமையுண்டு. அனுமதியின்றி ஒரு கிளையையேனும் கொண்டுவராதீர். தனித்தனியே அலையாது கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாக ஒன்றுசேர்ந்து விண்ணப்பியுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், தமிழிலேயே பதில் கேளுங்கள். பதில் வராவிடின் தகவல் அறியும் சட்டத்தின்கீழ்க் காரணம் கேளுங்கள். அதற்கும் அசையாவிடின் நீதிமன்றத்தின் கதவு இருக்கிறது. சட்டத்தரணிகள் இப்பணிக்கு முன்வரட்டும். நம் மண்ணில் எந்த மரம் நிழல் தரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில், அம்மண்ணை உழுபவனின் குரலும் கேட்கப்பட்டே ஆகவேண்டும்.