வானவடியில் வானம் எங்கே?

வானவடி என்று தமிழில் எழுதிப் பார்த்தால் முதலில் நிற்பது வானம். மராத்திக்காரர்களுக்கு அந்தப் பெயரில் வானம் தெரியாது. தமிழ்க் கண்ணுக்கு மட்டும் கிடைக்கும் தற்செயல் அது. புனேயின் இந்தப் பகுதியில், மகாதஜி ஷிண்டேயின் சத்ரிக்குச் சற்றுத் தள்ளி ஒரு மொட்டை மாடியில், மார்ச் மாத இரவொன்றில் நாங்கள் வானத்தைத் தேடிக்கொண்டிருந்தோம்.

தொலைநோக்கி பக்கத்து வீட்டு இளைஞருடையது. எட்டு அங்குல ஆடி, பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்துத் திரும்பும் மோட்டார், பின்னால் ஒரு காமிரா. குறி, சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனியில் இருக்கும் மரீசிக்குப் பக்கத்தில் உள்ள எம்51 என்ற சுருள் வடிவ நட்சத்திரக் கூட்டம். தொலைவு சுமார் 3 கோடி ஒளி ஆண்டு. 1845இல் அயர்லாந்தின் ராஸ் பிரபு 72 அங்குலத் தொலைநோக்கியில் இதைப் பார்த்துக் கையால் வரைந்தபோதுதான், வானத்தில் இப்படியும் ஒரு சுருள் உண்டு என்று உலகுக்குத் தெரிந்தது. இன்று மாதச் சம்பளக்காரர் சேமித்து வாங்கும் கருவிக்கே அது அகப்பட வேண்டும்.

"பாருங்க அங்கிள்" என்று அவர் காட்டிய இரண்டு நிமிடப் படத்தில் மஞ்சளும் சாம்பலுமாகப் புழுதிதான் இருந்தது. ஒரு படம் போதாதாம். நூறு படம் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். நட்சத்திரக் கூட்டத்தின் ஒளி எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் விழுவதால் சேர்ந்துகொண்டே போகும். புள்ளிபுள்ளியான இரைச்சல் தாறுமாறாக விழுவதால் அந்த வேகத்தில் வளராது. பதினாறு படங்களை அடுக்கினால் நான்கு மடங்கு தெளிவு.

நகரத்தில் இந்தக் கணக்கு உதைக்கிறது. பின்னணி வானம் பத்து மடங்கு வெளிச்சமானால், அதே தெளிவுக்குச் சுமார் பத்து மடங்கு நேரம் வேண்டும். பழைய சோடியம் விளக்கின் ஒளி சில நிறங்களில் குவிந்திருந்தது. வடிகட்டி போட்டு ஓரளவு விலக்கலாம். வெள்ளை எல்.ஈ.டி. எல்லா நிறங்களிலும் பரவுகிறது. நட்சத்திர ஒளியும் அப்படித்தான். ஒன்றைத் தடுத்தால் மற்றதும் போய்விடும். தெருவிளக்குகளை எல்.ஈ.டி.க்கு மாற்றும் தேசியத் திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கியது. மின்சாரம் மிச்சமானது நல்லதுதான். விளக்கின் தலைக்கு மூடி போடுவதில் அந்த அக்கறையைக் காணோம்.

எம்51இன் ஒளி புறப்பட்டபோது மனிதனே கிடையாது. 3 கோடி ஆண்டு வந்த ஒளி, காற்று மண்டலத்தின் கடைசி நூறு கிலோமீட்டரை ஒரு விநாடியின் மூவாயிரத்தில் ஒரு பங்கில் கடக்கிறது. அந்தக் கடைசி நொடித் துணுக்கில்தான் நம் விளக்கொளியில் மூழ்கிப் போகிறது.

இதில் ஒரு வேடிக்கை. 2025இல் புனேயின் தேசிய வானொலி வானியற்பியல் மையத்தைச் சேர்ந்த ராஷி ஜெயினும் யோகேஷ் வடதேகரும், பிரபஞ்சத்துக்கு 150 கோடி வயதே ஆகியிருந்தபோது உருவாகியிருந்த ஒரு சுருளைக் கண்டறிந்து அளகநந்தா என்று பெயரிட்டார்கள். படம் எடுத்தது விண்வெளியில் இருக்கும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி. அத்தனை தூரத்தை அறிந்த ஊரில், வெறும் 25 லட்சம் ஒளி ஆண்டு தள்ளியிருக்கும் ஆண்ட்ரோமெடாவை வெறுங்கண்ணால் காட்ட ஒரு தெரு அகப்படுவது கஷ்டம்.

இது பொழுதுபோக்குக்காரர்களின் புலம்பல் மட்டுமல்ல. 2023 மே மாதம் எம்101 என்ற சுருளில் ஒரு நட்சத்திரம் வெடித்ததை முதலில் கண்டவர் ஜப்பானிய அமெச்சூர் கோய்ச்சி இதாகாகி. பெரிய தொலைநோக்கிகள் பிறகு திரும்பின. புனேயிலும் 1944 முதல் ஜோதிர்வித்யா பரிசன்ஸ்தா அமெச்சூர்களை வளர்த்து வருகிறது. மாநிலத்தின் மறுகோடியில் பெஞ்ச் புலிகள் காப்பகத்துக்கு 2024இல் இருள்வானப் பூங்கா என்ற அங்கீகாரம் கிடைத்தது. புலிக்குக் கிடைத்த இருட்டில் கொஞ்சம் நமக்கும் கேட்கலாம்.

அன்று கீழே போய், மாடி ஃபோகஸ் விளக்கை அணைக்க முடியுமா என்று வாட்ச்மேனைக் கேட்டோம். "யாருமே கேட்கலையே சாப்" என்று அணைத்தார். விடிவதற்குள் 96 படங்கள். அடுக்கியபோது, புழுதிக்குள்ளிருந்து இரண்டு கைகள் மெல்லச் சுருண்டு வெளியே வந்தன.