ஓலைக் காற்றாடி

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் ஆறு வயதுப் பெண் பனையோலைக் காற்றாடி செய்ய உட்கார்ந்தாள். இரண்டு ஓலை நறுக்குகளை மடித்துக் கோத்து, நடுவே கருவேல முள்ளைச் செருகிச் சோளத்தட்டையில் குத்தினாள். அது சுற்றவில்லை. "இப்படிக் கொடம்மா" என்று வாங்கி, நொடியில் சரிசெய்து நீட்டினேன். காற்றாடி அழகாகச் சுழன்றது. குழந்தையோ அதைத் தொடவும் இல்லை.

1937-ல் வார்தாக் கல்வி மகாநாட்டில், கைத்தொழில் வழியே கல்வி புகட்ட வேண்டுமென்றார் காந்தியடிகள். அந்தக் கை குழந்தையின் கை, உபாத்தியாயருடையதல்ல என்பது எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

மறுநாள் வாய் திறவாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது தடவை, துவாரம் இறுக்கமாயிருப்பதை அவளே கண்டுபிடித்து, முள்ளைத் திருகித் தளர்த்தினாள். கோணல் காற்றாடிதான், ஆயினும் அவள் ஓட ஓடத் தெரு நெடுகச் சுழன்றது. நேயர்களே, நானும் பின்னால் ஓடினேன்!