'நாலு வருஷம் பொறுத்துக்கோ' என்று இனியும் சொல்ல வேண்டாம்

நர்சிங் படிக்கப் போன பெண் பிள்ளை வீட்டுக்குப் போன் செய்து, "மேடம் என்னை மட்டும் குறிவைக்கிறாங்கம்மா" என்று அழுதால், நம் குடும்பங்களில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "நாலு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோ." அம்மா சொல்கிறார், மாமா சொல்கிறார், ஊரில் முதலில் பட்டம் வாங்கிய அண்ணனும் அதையே சொல்கிறார். பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த அறிவுரை தவறு என்று நாங்கள் கருதுகிறோம். பொறுத்துப் போவதால் அந்த ஆசிரியர் திருந்துவதில்லை. அடுத்த ஆண்டு சேரும் நம் பிள்ளையும் அதே வகுப்பில் அதே வார்த்தையைக் கேட்கிறாள்.

அட்டுவம்பட்டியில் பெண்களுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. 1984இல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அது. அந்த வளாகத்தைக் கடந்து கேரட் காட்டுக்கும் பூண்டுக் காட்டுக்கும் கூலிக்குப் போகும் தாய்மார்களின் மகள்களுக்கு நர்சிங் ஒரு பெரிய கனவு. படித்தால் வேலை உண்டு, வேலை கிடைத்தால் குடும்பம் நிமிரும், வெள்ளை உடுப்புக்கு ஊரில் மரியாதை உண்டு என்ற நம்பிக்கை. அதற்காக மலையிறங்கி திண்டுக்கல், தேனி, மதுரை, கோவை என்று விடுதிகளில் போய்ச் சேர்கிறார்கள். வில்பட்டி, பள்ளங்கி, பூம்பாறை, மன்னவனூர் பிள்ளைகளுக்கும் இதுதான் வழி. வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் பெரும்பாலும் அவர்கள்தான். "இது எல்லாருக்கும் நடக்கிறதா, எனக்கு மட்டும் நடக்கிறதா?" என்று கேட்டுத் தெளிவதற்கு வீட்டில் ஆள் கிடையாது. அங்கேதான் 'பொறுத்துக்கோ' என்ற சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். நர்சிங் ஆசிரியர் கண்டிப்பாக இருப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. பொட்டாசியம் குளோரைடு ஊசியை நீர்க்காமல் நேராக ரத்தக்குழாயில் போட்டால் நோயாளியின் இதயம் நின்றுவிடும். மருந்துச் சீட்டில் ஒரு புள்ளியைத் தவறாகப் படித்தால் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும். இங்கே சலுகை காட்டும் ஆசிரியர்தான் ஆபத்தானவர். நம் பிள்ளைகளும் சலுகை கேட்கவில்லை.

ஆனால் கண்டிப்பு தவறைப் பார்க்கும். சாதி ஆளைப் பார்க்கும். இரண்டு மாணவிகள் ஒரே தவறைச் செய்கிறார்கள். ஒருத்தியிடம் "திரும்பச் செய்" என்கிறார் ஆசிரியர். இன்னொருத்தியிடம் "கோட்டாவுல வந்தா இப்படித்தான்" என்கிறார். முதலாவது பாடம். இரண்டாவதில் பாடம் எதுவும் இல்லை. மருந்தைப் பற்றியோ நோயாளியைப் பற்றியோ அந்தப் பிள்ளை அதிலிருந்து ஒன்றும் கற்கவில்லை. தன் இடம் எது என்று மட்டும் அவளுக்குச் சொல்லப்பட்டது.

பெட்பேனை எடுத்துக்கொள்வோம். படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் பெட்பேன் வைப்பதும் எடுப்பதும் நர்சிங்கின் தொடக்கப் பாடங்களில் ஒன்று. அதில் இழிவு ஏதுமில்லை. ஆனால் வார்டில் தினமும் அந்த வேலை யாருக்குப் போகிறது, ஊசி போடுவதும் டிரிப் ஏற்றுவதும் யாருக்குப் போகிறது என்று ஒரு மாதம் குறித்து வைத்துப் பாருங்கள். ஒரே பெயர்கள் ஒரே வேலையில் திரும்பத் திரும்ப வந்தால் அது தற்செயல் அல்ல. பிறர் உடம்பைத் தொடுவதும் ரத்தத்தையும் மலத்தையும் துடைப்பதும் தீட்டு என்று சொல்லி, இந்தத் தொழிலுக்கே தம் பெண்களை அனுப்பாமல் நெடுங்காலம் ஒதுங்கி நின்றன ஆதிக்கச் சாதிக் குடும்பங்கள். வேலூர் சி.எம்.சி.யில் 1946இல் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கிய பிறகும் அந்த எண்ணம் உடனே மறையவில்லை. தொழிலுக்கு மரியாதையும் சம்பளமும் வந்த பின்னே எல்லாரும் வந்தார்கள். வரட்டும். ஆனால் வந்த பிறகு தொழிலுக்குள்ளேயே ஊர் என்றும் சேரி என்றும் பிரிப்பதை எப்படி ஏற்பது?

இந்த ஆசிரியர்களின் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது அவர்கள் குரலில் இல்லை, பேனாவில் இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி தேர்வு எழுத 80 விழுக்காடு வருகை வேண்டும். பட்டம் வாங்குவதற்குள் மருத்துவமனைப் பயிற்சி நேரம் 100 விழுக்காடும் முடிந்திருக்க வேண்டும். அந்த வருகையில் கையெழுத்துப் போடுவது ஆசிரியர். ரெக்கார்டு நோட்டிலும் லாக் புக்கிலும் கையெழுத்துப் போடுவதும், இன்டர்னல் மார்க் போடுவதும் அவர்தான். எழுத்துத் தேர்வுத் தாளைத் திருத்துபவருக்கு மாணவியின் முகம் தெரியாது. செய்முறையிலும் வாய்மொழித் தேர்விலும் முகம் தெரியும், பெயர் தெரியும், ஊர் தெரியும். "எந்த ஊரு? ஊருக்குள்ளயா, காலனியா?" என்ற கேள்வி சும்மா கேட்கப்படுவதில்லை.

இதோடு கட்டணமும் சேர்கிறது. வருமான வரம்புக்குள் வரும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கும் மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்கும் தனியார் கல்லூரிக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012இல் அரசாணை 92 வந்தது. பணம் அரசிடமிருந்து தாமதமாக வந்தால் அது அரசுக்கும் கல்லூரிக்கும் உள்ள கணக்கு. ஆனால் "ஸ்காலர்ஷிப் பிள்ளைகள் எழுந்து நில்லுங்க" என்று வகுப்பில் நிற்க வைக்கிறார்கள். ஹால் டிக்கெட்டை நிறுத்துவோம் என்கிறார்கள். பாதியில் விலகினால் அசல் சான்றிதழைத் தர மறுக்கிறார்கள். கடனுக்கு ஈடாகச் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. மலையில் இருக்கும் அப்பாவுக்கு அது தெரியாது என்பதுதான் அவர்களுடைய தைரியம்.

நாங்கள் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்களுக்குச் சில உண்மைகள். டெல்லி எய்ம்ஸில் சாதிப் பாகுபாட்டை விசாரிக்க 2006இல் பேராசிரியர் சுக்தேவ் தோரட் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களில் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் செய்முறை, வாய்மொழித் தேர்வு மதிப்பீடு நியாயமாக இல்லை என்றார்கள். 69 விழுக்காட்டினர் ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைக்கவில்லை என்றார்கள். நாட்டின் முதன்மையான மருத்துவ நிறுவனத்தின் நிலை அது.

2008 ஜனவரியில் சண்டிகர் அரசு மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டு தலித் மாணவர் ஜஸ்பிரீத் சிங் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரே பாடத்தில் திரும்பத் திரும்பத் தோல்வியடையச் செய்யப்பட்டதாக எழுதி வைத்திருந்தார். பின்னர் அவரது தாளை வெளிப் பேராசிரியர்கள் மீண்டும் திருத்தியபோது அவர் தேர்ச்சி பெற்றிருந்தார் என்பது தெரிய வந்தது. 2019 மே மாதம் மும்பையில் பழங்குடி மருத்துவர் பாயல் தட்வியை இழந்தோம். அவரைச் சாதியைச் சொல்லித் துன்புறுத்தியதாக மூன்று மூத்த மருத்துவர்கள் மீது வழக்கு இருக்கிறது. பாயலின் தாய் அபிதா தட்வியும் ரோகித் வெமுலாவின் தாய் ராதிகா வெமுலாவும் அதே ஆண்டு சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். இனி ஒரு பிள்ளையும் இப்படிப் போகக் கூடாது என்பதற்காகப் போனார்கள்.

சட்டத்தில் ஓர் ஓட்டை இருப்பதையும் சொல்ல வேண்டும். 1996இல் மாணவர் பொன் நாவரசு கொலை செய்யப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. யு.ஜி.சி.யின் 2009 ராகிங் விதிகளும் இருக்கின்றன. அந்த விதிகள் மாணவர் மாணவருக்குச் செய்யும் கொடுமையைப் பற்றியவை. அதே கொடுமையை ஆசிரியர் செய்தால் அதற்குப் பெயர் 'டிசிப்ளின்'. 2012இல் யு.ஜி.சி. சம வாய்ப்பு மையமும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார் என்று கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குப் பெயர் தெரிகிறது என்று பார்ப்போம்.

ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஆசிரியருக்கும் பொருந்தும். வகுப்பிலோ வார்டிலோ மற்றவர்கள் முன்னிலையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பதும் பிரிவு 3(1)இன் கீழ் குற்றம். கிறித்தவ தலித் பிள்ளைகளுக்கு இந்தக் கதவும் மூடியிருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியல் சாதியாக ஏற்பதில்லை. வசவு மட்டும் மதம் பார்க்காமல் வருகிறது.

சரி, இன்று வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தங்கை என்ன செய்வது?

முதலில், எழுதி வை. தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, உடன் இருந்தவர்கள் யார். அன்றன்றைக்கே எழுது. ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து சொல்வதற்கும் இதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

இரண்டாவது, வாயால் கேட்காதே, எழுத்தில் கேள். "இன்டர்னலில் எனக்கு மதிப்பெண் குறைந்த காரணத்தையும் நான் திருத்திக்கொள்ள வேண்டியதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்" என்று பணிவாக ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கு. பணிவு பலவீனம் அல்ல, நகல்தான் பலம். ரெக்கார்டையும் லாக் புக்கையும் ஒப்படைக்கும் முன் போனில் படம் எடுத்து வை. நோயாளியின் பெயர், விவரம் படத்தில் வரக் கூடாது.

மூன்றாவது, தனியாகப் போகாதே. உன்னோடு படிக்கும் இன்னும் இருவருக்கு இதே நடந்திருக்கும். மூவர் கையெழுத்திட்ட கடிதத்தை எளிதில் குப்பையில் போட முடியாது.

நான்காவது, பல்கலைக்கழகத் தேர்வில் சந்தேகம் இருந்தால் உன் விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை உறுதி செய்திருக்கிறது.

ஐந்தாவது, இந்த எண்களை வைத்துக்கொள். வன்கொடுமைப் புகாருக்கு 14566. ராகிங் புகாருக்கு 1800-180-5522. மனம் தாங்க முடியாமல் போனால் 14416 அல்லது 104. உன் உயிரைவிடப் பெரிய பட்டம் எதுவும் இல்லை. கல்லூரியை மாற்றினால் ஓர் ஆண்டு போகும், அவ்வளவுதான்.

ஆனால் பாதிக்கப்பட்டவளிடமே எல்லாச் சுமையையும் ஏற்றிவிட்டுப் போகிறவர்கள் அல்ல நாங்கள். செய்முறை இன்டர்னல் மதிப்பெண்ணைக் காரணத்தோடு மாதந்தோறும் மாணவிக்குக் காட்ட வேண்டும். வார்டு வேலைப் பட்டியலைச் சுவரில் ஒட்ட வேண்டும். புகார்க் குழுவில் கல்லூரிக்கு வெளியிலிருந்து பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர் இருக்க வேண்டும். ஆசிரியர் செய்யும் துன்புறுத்தலும் ராகிங் சட்டத்துக்குள் வர வேண்டும். மருத்துவப் பல்கலைக்கழகமும் நர்சிங் கவுன்சிலும் நினைத்தால் இவற்றில் முதல் மூன்றுக்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

பெற்றோரிடம் எங்கள் வேண்டுகோள் சிறியது. அடுத்த முறை போனில் பிள்ளை அழும்போது, 'பொறுத்துக்கோ' என்ற சொல்லைத் தள்ளி வைத்துவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: "என்ன சொன்னாங்க? பக்கத்துல யார் இருந்தாங்க? எழுதி வச்சியா?" அதற்குப் பிறகு, ஊரில் விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்கு ஒருமுறை போய் வாருங்கள். ஒரு நாள் கூலி போகும். கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று அந்த ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.