வேலை பழகக் காசு கட்டணுமாம்!

திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து போர்வெல் வண்டி ஏறிப் போகிற பையன்களை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. ஆனா வடநாட்டில் எங்கேயாவது நடுக்காட்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டியில் நம்ம டிஎன் நம்பரைப் பார்த்திருப்பீங்க. அந்த வண்டியில் புதுசா ஏறுகிற பையனுக்கு ராடு மாட்டக்கூடத் தெரியாது. இருந்தாலும் ஏறின நாளிலிருந்து சோறும் உண்டு, சம்பளமும் உண்டு. கொத்தனார்கிட்ட சித்தாளாப் போனாலும் அப்படித்தான், தறிப்பட்டறையிலும் அப்படித்தான். கூலி கம்மியா இருக்கும், திட்டு ஜாஸ்தியா இருக்கும். ஆனா வேலை பழக வந்தவன்கிட்ட "முதல்ல எட்டாயிரம் எடுத்து வை"ன்னு கேட்ட மேஸ்திரியை எங்க தாலுகாவில் நான் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டர் தொழிலில்தான் அந்தக் கூத்து நடக்குது. "இன்டர்ன்ஷிப்" என்கிற பேரில் எங்க ஊர்ப் பிள்ளைகளிடம் நடக்கிற வசூலைப் பற்றித்தான் இன்னைக்கு எழுதப்போறேன். மஞ்சள் விலை கேட்டிருந்தவங்க அடுத்த வாரம் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

2018ல் ஏஐசிடிஇ ஒரு மாதிரிப் பாடத்திட்டம் கொண்டுவந்தது. பொறியியல் படிக்கிறவங்களுக்கு இன்டர்ன்ஷிப் கட்டாயம்னு அதில் வச்சாங்க. படிச்சதை ஒரு நிறுவனத்துக்குள்ள போய் உட்கார்ந்து பார்க்கட்டும் என்கிற நோக்கம் நல்லதுதான். ஆனா அத்தனை பிள்ளைகளையும் உட்காரவைக்க நாற்காலி எங்கே இருக்கு? விதி போட்டவங்க நாற்காலி போடலை. அந்தச் சந்துக்குள்ளதான் லெட்டர்பேடு வியாபாரிகள் நுழைஞ்சாங்க.

போன வருசம் எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் ஆறாயிரம் கட்டி ஒரு மாச இன்டர்ன்ஷிப் "முடிச்சான்". கம்பெனி வாசப்படியை அவன் மிதிக்கவே இல்லை. முதல் நாள் வாட்சப் குழுவில் சேர்த்தாங்க. ஒரு கால்குலேட்டர், ஒரு லாகின் பக்கம், செய்யவேண்டிய வேலைகளைக் குறிச்சு வைக்கிற ஒரு பட்டியல், தன்னைப் பற்றி ஒரு அறிமுகப் பக்கம், இந்த நாலையும் செஞ்சு அனுப்புன்னாங்க. நாலும் யூடியூபில் ஆயிரம் பேர் செஞ்சு காட்டினது. பையன் கிட்ஹப்பில் கிடந்ததை எடுத்து, பேரை மாத்தி அனுப்பினான். ஒருத்தரும் திறந்துகூடப் பார்க்கலை. மாசக் கடைசியில் தங்கக் கலர் பார்டர் வச்ச சான்றிதழ் வந்துச்சு. அதை லிங்க்டினில் போட்டு, கம்பெனிக்கு நன்றி சொல்லி எழுதணும்னு நிபந்தனை வேற. காசையும் குடுத்து விளம்பரமும் பண்ணிவிடணும்.

"சொல்லிக்குடுக்கச் செலவாகாதா?"ன்னு சிலபேர் கேட்கறாங்க. ஆகும். அப்படின்னா டியூஷன் சென்டர்னு போர்டு மாட்டு, ஃபீஸ் வாங்கு, பாடம் நடத்து. தட்டச்சு வகுப்புக்கு நாங்க காசு கட்டாமலா படிச்சோம்? வகுப்பும் எடுக்காம, வேலையும் குடுக்காம, "எங்க நிறுவனத்தில் வேலை பார்த்தார்"னு பொய் எழுதிக்குடுக்க வாங்குகிற காசுக்குப் பேர் ஃபீஸ் இல்லைங்க.

இப்போ இன்னொரு பிள்ளை கதை. எங்க தெருவுப் பொண்ணு, கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாம் வருசம். அவங்க குடும்பத்தில் காலேஜ் படி ஏறின முதல் ஆள். கோடை லீவில் எங்க பால் சொசைட்டிக் கணக்கைப் பார்த்துட்டு, "மாமா, இதை நான் போன்ல பண்ணித் தரட்டுங்களா?"ன்னு கேட்டுச்சு. சொசைட்டிக் கணக்கு லேசுப்பட்டதில்லை. காலையில் ஒரு அளவு, சாயந்தரம் ஒரு அளவு, ஒவ்வொண்ணுக்கும் கொழுப்பு எவ்வளவு, மத்த சத்து எவ்வளவு, அதுக்குத் தகுந்த விலை, தீவனத்துக்குப் பிடித்தம், பத்து நாளைக்கு ஒருக்கா பட்டுவாடா. செயலாளர் நோட்டில் எழுதி, கால்குலேட்டரில் தட்டி, ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார்ந்திருப்பார்.

அந்தப் புள்ள மூணு வாரத்தில் பண்ணிக் குடுத்துச்சு. முதல் பட்டுவாடா அன்னைக்கு ஒரே சத்தம். பாதிப் பேருக்குப் பணம் குறையுது. நோட்டை வச்சு ஒத்துப் பார்த்தா, ரெண்டு நேரம் ஊத்தினவங்களுக்குக் காலைப் பாலைக் காணோம். உறுப்பினர் எண்ணையும் தேதியையும் மட்டும் வச்சுப் பதிவு பண்ணுகிற மாதிரி எழுதியிருந்திருக்கு. அதனால சாயந்தரப் பதிவு போய்க் காலைப் பதிவு மேலேயே உட்கார்ந்திருச்சு. ராத்திரியோட ராத்திரியா, வேளையையும் சேர்த்துப் பதிவாகிற மாதிரி மாத்திச்சு. மறுநாள் அதுவே வந்து நின்னு, ஒவ்வொருத்தர் கணக்கையும் நோட்டோட ஒத்துக் காட்டிச்சு. பால்காரம்மாக்கள் கேட்ட கேள்வி இருக்கே, எந்த மேனேஜரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற நீங்களே சொல்லுங்க, இதுதானே அந்தத் தொழில்? உண்மையான ஆளுக்கு உண்மையான கணக்கு, தப்பு வந்தா யார் வயித்திலாவது அடிக்கும்னு தெரிஞ்சு செய்யறது?

காலேஜில் அதை ஏத்துக்கலை. சொசைட்டி செயலாளர் சீல் வச்சுக் குடுத்த கடிதத்தைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. "ஐடி கம்பெனி லெட்டர்ஹெட் வேணும்மா"ன்னு சொல்லி, கையில் ஒரு பட்டியலைக் குடுத்திருக்காங்க. பட்டியலில் இருக்கிற அத்தனையும் காசு வாங்குகிற கம்பெனி. அதில் மலிவே எட்டாயிரம். அவங்கம்மா நூறு நாள் வேலைக்குப் போறவங்க. 2024-25ல் தமிழ்நாட்டுக்குக் கூலி நாளைக்கு 319 ரூபா. முழுக் கூலி வந்தாலும் 25 நாளுக்கு மேல வெயிலில் நிக்கணும், அந்த எட்டாயிரத்துக்கு. முதல் பட்டதாரி சலுகை, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம்னு அரசாங்கம் ஒரு வாசலைத் திறந்துவிடுது. உள்ளே போனா இன்னொருத்தன் டிக்கெட் கிழிச்சுக்கிட்டு நிக்கறான்.

சட்டம் இல்லையான்னு கேட்பீங்க. 1961லேயே தொழில் பழகுநர் சட்டம் வந்தாச்சு. பழகுநருக்கு உதவித்தொகை குடுத்தே ஆகணும். 30 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற நிறுவனம் குறைஞ்சது 2.5 சதவீதம் பழகுநர்களைச் சேர்க்கணும்னு விதியே இருக்கு. காலேஜ் படிக்கிற பிள்ளையோட "இன்டர்ன்ஷிப்" அந்தப் பிடிக்குள்ள வராம நழுவிப் போயிடுது. 2024ல் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தை ஆரம்பிச்சப்போ மாசம் 5,000 ரூபான்னு வச்சாங்க. ஆனா முழுநேரம் படிச்சுக்கிட்டிருக்கிற பிள்ளைக்கு அது கிடையாதுன்னும் அப்பவே வச்சாங்க.

காசு குடுத்துப் பழக்க முடியாதுன்னும் யாரும் சொல்லவேண்டாம். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் வச்சிருக்கிற ஜோஹோ, பன்னிரண்டாவது முடிச்ச பிள்ளைகளை எடுத்து, சொல்லிக்குடுத்து, படிக்கிறபோதே உதவித்தொகையும் குடுத்துக்கிட்டு வருது. ஊருலகத்தில் எல்லாரும் ஜோஹோ ஆக முடியாதுதான். ஆனா பழக வர்றவங்ககிட்ட காசு பிடுங்காம இருக்கறதுக்கு ஜோஹோ ஆகணும்னு அவசியமில்லையே.

எனக்கு அந்த லெட்டர்பேடு ஆளுங்க மேல இருக்கிற கோபத்தைவிட, கொஞ்சம் மன்னிச்சுக்கோங்க, உங்க மேலதான் ஜாஸ்தி. நாவலூரிலும் சிறுசேரியிலும் சரவணம்பட்டியிலும் உட்கார்ந்து இதைப் படிக்கிறவங்க நீங்க. உங்க ஆபீசிலும் வருசா வருசம் பிள்ளைங்க வர்றாங்க. லேப்டாப் குடுக்கறீங்க, எழுதின கோடை வரிவரியாப் பார்த்துத் திருத்திக் குடுக்கறீங்க, மாசமானா பணமும் போடறீங்க. அந்தப் பிள்ளைங்க யாருன்னு கொஞ்சம் எண்ணிப் பாருங்க. பெரிய காலேஜ்காரங்க, அப்புறம் அண்ணன் மகன், மேனேஜரோட மச்சினிச்சி பொண்ணு. எங்க தெருவுப் பொண்ணுக்கு ஐடியில் சித்தப்பா இல்லை. அவங்க சித்தப்பா தேங்காய் உரிக்கிறார்.

தீபாவளிக்கு ஊருக்கு வந்து வரப்பில் நின்னு படம் எடுக்கறீங்க. "மண்ணின் மைந்தன்"னு போடறீங்க. நல்லா போடுங்க. அடுத்த தடவை உங்க எச்ஆர்கிட்ட ஒரே ஒரு இடம் கேளுங்க. அரசுப் பள்ளியில் படிச்சு, பேர் தெரியாத காலேஜில் இருக்கிற ஒரு பிள்ளைக்கு, சம்பளத்தோட ஒரு இடம். பால் கணக்கு எழுதினவளுக்கு உங்க கணக்கும் வரும்.

பணம் கட்டக் கடைசி நாள் வர்ற வெள்ளிக்கிழமை. அவங்கம்மா மகளிர் குழுவில் கடன் கேட்டு எழுதிக் குடுத்தாச்சு.